எரிபொருள் பம்ப் கட்டுப்பாட்டு மாட்யூல்

பெட்ரோல் தொட்டிக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்ப் எவ்வளவு வேகமாகச் சுழல வேண்டும் என்பதை ஆளும் மின்னணுப் பெட்டி. எல்லாக் கார்களிலும் இது இருப்பதில்லை. பல சிறிய கார்களில் ஒரு ரிலேதான் பம்ப்பை இயக்குகிறது. பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடும், மிஞ்சிய பெட்ரோல் தொட்டிக்கே திரும்பும். தனி மாட்யூலை டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சின்களில் அதிகம் காணலாம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா டிஎஸ்ஐ கார்களின் மின்சுற்று வரைபடத்தில் ஜே538 எனக் குறிக்கப்படுவது இதுவே.

எஞ்சின் கணினி அனுப்பும் சிக்னலுக்கு ஏற்ப, பம்ப்புக்குப் போகும் மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டுக் கொடுப்பது இதன் வேலை. மாட்யூல் பழுதானால் வண்டி கிளம்பாது. அல்லது இழுவை குறையும். ஓடிக்கொண்டே இருக்கையில் நின்று, சூடு ஆறியபின் மறுபடி கிளம்புவதும் உண்டு. ஸ்கேனரில் பி025ஏ வந்தால் மாட்யூலின் கட்டுப்பாட்டுச் சுற்றில் கோளாறு. பி0087 வந்தால் எரிபொருள் அழுத்தம் குறைவு என்பது மட்டுமே தெரியும்; அடைத்த ஃபில்டரும் அதற்குக் காரணமாகலாம்.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பெட்டியைவிட அதன் கனெக்டரையே முதலில் சந்தேகிக்க வேண்டும். தேவனாம்பட்டினம், முதுநகர், கிள்ளை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று செம்புப் பின்களில் பச்சைக் களிம்பு ஏற்றும். வெள்ளம் இன்னும் கொடியது. 2015 இறுதியில் பெய்த பெருமழையிலும், 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை கரைமீறியபோதும் கடலூர்ப் பகுதியில் தெருக்கள் நீரில் மூழ்கின. அப்படிச் சேற்றுநீர் புகுந்த கனெக்டர், காய்ந்தபின் சில மாதங்கள் ஒழுங்காக வேலை செய்துவிட்டுப் பிறகு காலை வாரலாம். களிம்பேறிய எர்த் ஒயர் ஒன்றே மாட்யூல் செத்தது போலக் காட்டும். ஆகவே ஃபியூஸ், மாட்யூலுக்கு வரும் 12 வோல்ட், எர்த் மூன்றையும் மல்டிமீட்டரால் பார்க்காமல் புது மாட்யூல் வாங்குவது பணத்தை வீணாக்குவதே.

மாற்றும் வேலை கடினமன்று. ஆனால் பெட்ரோலுக்கு அருகில் நடப்பது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அருகில் நெருப்பு கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றியபின் மாட்யூலை அணுகலாம். சில கார்களில் அது பின்இருக்கைக்கு அடியில் தொட்டி மூடியருகே இருக்கும். சிலவற்றில் வண்டிக்கு அடியில். பெட்ரோல் குழாயைத் தொடவேண்டி வந்தால் மட்டும், பேட்டரியைக் கழற்றுமுன் பம்ப் ஃபியூஸை எடுத்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பழைய மாட்யூலின் பாக எண்ணும் புதியதன் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். சில மாடல்களுக்கு ஸ்கேனரில் கோடிங்கும் தேவை. பொருத்தியபின் இக்னிஷனை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

பம்ப் மோட்டாரே பழுதென்றால் அது வேறு வேலை. 2019இல் தயாரான பலேனோ, வேகன்-ஆர் கார்கள் 16,041ஐ மாருதி சுசூகி 2024 மார்ச்சில் திரும்ப அழைத்தது இந்த மோட்டார் பாகத்துக்காகத்தான். அத்தகைய அழைப்பில் மாற்றுவதற்குக் கட்டணம் இல்லை. செலவழிக்குமுன் உங்கள் காரின் சேசிஸ் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் சரிபாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் சாவியைத் திருப்பவே வேண்டாம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள்.