ஜாப்சேயும் ஜவ்வரிசியும்



பிறந்தநாள், திருமணம் என்றால் கொரியர்கள் விருந்தில் ஜாப்சே இருக்கும். கண்ணாடி போன்ற நூடுல்ஸைக் காய்கறி, காளான், இறைச்சியோடு எள் எண்ணெய் விட்டுப் புரட்டிய பாரம்பரிய உணவு.

ஆனால் 'ஜாப்' என்றால் கலவை, 'சே' என்றால் காய்கறி. பெயரில் நூடுல்ஸே இல்லை! குவாங்ஹேகுன் மன்னர் (1608-1623) காலத்தில் இ சுங் என்பவர் மன்னருக்கு ருசியான ஜாப்சே கொடுத்தே நிதியமைச்சர் ஆனார் என்று ஊரே கேலி பேசியது. பி.காம். படிக்கும் எனக்கு இந்தக் குறுக்குவழி யாரும் சொல்லவில்லை! 1670 வாக்கில் ஜாங் கே-ஹ்யாங் எழுதிய சமையல் நூலிலும் ஜாப்சே உண்டு, நூடுல்ஸ் இல்லை. 1919-ல் சாரிவோன் நகரில் நூடுல்ஸ் தொழிற்சாலை வந்த பிறகுதான் அது ஜாப்சேயில் பரவலாகச் சேர்ந்தது. இன்று அது சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் தயாராகிறது.

சிரிக்காதீர்கள், நம் கதையும் இதேதான். குடிகாட்டில் எங்கள் ஆயா, ஜவ்வரிசிப் பாயசம் "முப்பாட்டன் காலத்துப் பழக்கம்" என்பார். அந்த ஜவ்வரிசி மரவள்ளி மாவில் செய்வது. மரவள்ளியோ தென் அமெரிக்கக் கிழங்கு. இரண்டாம் உலகப்போரில் மலேயா இறக்குமதி நின்றபோது, 1940-களில் சேலத்தில் இத்தொழில் வளர்ந்தது.

இதை ஆயாவிடம் சொன்னேன். "அதுக்கு முன்னாடியும் நல்ல நாள்ல பாயசம் வெச்சாங்கடா" என்றார்.

சரிதானே? பொருளைச் சந்தை மாற்றுகிறது. பரிமாறும் நாளை நாம்தான் காப்பாற்றுகிறோம்.