நிழற்படமும் மறைப்புத் தாளும்

நிழற்படத்தை வட்டமாகவும் நீள்வட்டமாகவும் மலர் வடிவாகவும் அமைத்துப் பார்க்கும் ஆசை புதியதன்று. 1839ஆம் ஆண்டில் டாகேரின் நிழற்பட முறை பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பின் ஒரு தலைமுறை கழியுமுன்னரே இவ்வாசையும் வேரூன்றிவிட்டது. இன்று பதுளையிலோ மொனராகலையிலோ ஓர் இளைஞன் கணினித் திரையில் குடும்ப நினைவேடு அமைக்கும்போது, ‘கிளிப்பிங் மாஸ்க்’ என்னும் மறைப்பு முறையைக் கையாள்கின்றான். அதன் பின்னால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு.

1854ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து டிஸ்டெரி என்பவர், ஒரே கண்ணாடித் தகட்டிற் பல சிறு படங்களைப் பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். படத்தின் விலை குறைந்தது. சிறிய அட்டைப் படங்கள் வீடுதோறும் நுழைந்தன. அவற்றைச் செருகி வைப்பதற்குக் கனத்த தாள்களையுடைய ஏடுகள் விற்பனைக்கு வந்தன. ஏட்டின் பக்கங்களில் நீள்வட்டச் சாளரங்கள் வெட்டப்பட்டிருக்கும். படத்தின் மூலைகளை அச்சாளரம் மறைக்கும். முகம் மட்டும் தெரியும். படத்தை உருவியெடுத்தாலோ அது முழுமையாகவே கையில் வரும்.

இருட்டறையிலும் இதே உத்தி வழங்கிற்று. அச்சிடும் தாளுக்கும் ஒளிக்குமிடையே துளையிட்ட அட்டையொன்றை வைத்தால், துளையின் வழியாக ஒளி புகுந்த இடத்தில் மட்டுமே உருவம் பதியும். இங்கிலாந்தில் வாழ்ந்த சுவீடன் நாட்டவராகிய ரெய்லாண்டர், 1857ஆம் ஆண்டில் முப்பதுக்கு மேற்பட்ட எதிர்ப்படங்களை இணைத்து ஒரே பெரும் படத்தை உருவாக்கினார். ஒரு பகுதியை அச்சிடும்போது ஏனைய பகுதிகளில் ஒளி படாதவாறு மூடிக்கொண்டார். எதிர்ப்படங்கள் எதற்கும் ஊறு நேரவில்லை. மறைப்பின் இயல்பு இதுவே: அது கண்ணுக்கு ஒன்றை ஒளிக்கின்றது, பொருளை அழிப்பதில்லை.

கத்தரிக்கோலின் இயல்பு வேறு. வெட்டியெறிந்த பகுதி திரும்பி வராது. இவ்வேற்றுமை இலங்கை மலைநாட்டு மக்களுக்கு வெறும் அலங்காரச் செய்தியன்று.

புகழ்பெற்ற நிழற்படக் கலைஞராகிய ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியேறினார். 1879இல் இம்மலைநாட்டிலேயே மறைந்தார்; அவருடைய கல்லறை பொகவந்தலாவையில் உள்ளது. இந்நாட்டில் அவர் பிடித்த படங்களுள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றுள் தோட்டத் தொழிலாளரின் படங்களும் உண்டு. ஆயினும் பலவற்றில் முகம் இருக்கின்றது. அம்முகத்துக்குரியவரின் பெயர் இல்லை. அங்கே எஞ்சி நிற்கும் சான்று, உடையும் அணிகலனும் நிற்கும் நிலையும் பின்புறத்துக் காட்சியுமே. அலங்காரம் கருதி அவற்றையும் வெட்டிவிட்டால் வரலாற்றாசிரியனுக்கு என்ன எஞ்சும்?

ஊவா மாகாணம் 1886இல் அமைந்தது. 1924இல் புகைவண்டிப் பாதை பதுளையை அடைந்தது. பதுளைப் பக்கத்துத் தேயிலை மலைகளிலும் மொனராகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களிலும் உழைத்த குடும்பங்களுக்கு நிழற்படம் அரிய செலவு. திருமணத்துக்கோ திருவிழாவுக்கோ பட்டணத்துக்குச் சென்றபோது படப்பிடிப்பு நிலையத்தில் நின்று எடுத்துக்கொண்ட ஒரே படம், லயத்துச் சுவரிற் சாமி படத்தின் அருகே இடம்பெறும்.

இத்தகைய குடும்பங்களின் மீதே அரசியலின் கத்தரிக்கோல் விழுந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியவராக வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிட்டது. அண்ணன் ஒரு கரையிலும் தங்கை மறுகரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற கப்பலும் 1984இல் நின்றுபோயிற்று. எஞ்சியிருந்த நாடற்றவர்க்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று.

இப்படிப் பிரிந்த ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒன்றாக நின்ற படம் ஒன்றே இருக்குமானால், அதன் மதிப்பை அளவிட இயலாது. அதிலிருந்து ஒரு முகத்தைக் கத்தரித்தெடுத்துச் சட்டத்தில் மாட்டினால், அம்முகம் அழகுறும். அருகில் நின்றவரோ ஏட்டிலிருந்தும் நாடுகடத்தப்படுவார்.

கணினி இக்குறையைத் தீர்க்கும் வழியை அளித்துள்ளது. தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர் ஆக்கிய போட்டோஷாப் என்னும் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. 1994இல் அதனுள் அடுக்குகள் சேர்ந்தன. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேலொன்றாக வைத்தாற்போன்ற அமைப்பு அது. கீழடுக்கில் ஒரு நீள்வட்டத்தை வரைந்து, மேலடுக்கில் நிழற்படத்தை வைத்து, இரண்டையும் பிணைத்தால், படம் நீள்வட்டத்தின் எல்லைக்குள் மட்டுமே தோன்றும். படத்தை உள்ளே நகர்த்தலாம், பெரிதாக்கலாம், நீள்வட்டத்தை மாற்றி மலர் வடிவம் இடலாம். பிணைப்பை நீக்கினால் முழுப் படமும் முன்போலத் தோன்றும். பழைய ஏட்டின் சாளரமே இங்குப் புதிய உருவில் மீண்டு வந்துள்ளது எனலாம்.

எனினும் எச்சரிக்கை ஒன்று வேண்டும். நினைவேட்டுப் பக்கத்தை முடித்து, பிறர்க்கு அனுப்பும் பொருட்டுச் சாதாரணப் படக் கோப்பாக மாற்றும்போது, அடுக்குகள் யாவும் ஒன்றாய் ஒடுங்கிவிடுகின்றன. மறைந்திருந்த பகுதி அந்தக் கோப்பில் இராது. அப்பொழுது மறைப்பும் கத்தரிக்கோலாகவே முடிகின்றது. ஆகவே பழைய படத்தை முதலில் முழுமையாக, முன்புறமும் பின்புறமும், கணினியிற் பதிந்துகொள்ளல் வேண்டும். பின்புறத்தில் மங்கிய மையில் ஒரு பெயரோ தோட்டத்தின் பெயரோ இருக்கக்கூடும். அம்மூலக் கோப்பை வேறிடத்திற் பத்திரப்படுத்தி, அதன் படியொன்றை மட்டுமே அலங்காரத்துக்கு எடுத்தல் தகும். அச்சிட்ட பழைய படத்தை எக்காரணத்தாலும் வெட்டலாகாது.

பாட்டியின் முகத்தை மலர் வடிவுக்குள் வைத்து மகிழும் பேரப்பிள்ளையை யாரும் குறை கூறார். அம்மலருக்கு வெளியே லயத்தின் வாசலும், தோளிற் கூடை தாங்கிய அயலவளும், பின்னர்க் கடல் கடந்துபோன தம்பியும் மறைந்திருக்கின்றனர். அவர்கள் மறைந்திருக்கலாம், அழிந்துபோகலாகாது.