யாழ்ப்பாணத்து நாற்சார் வீடும் பழம்பொருட் பயன்பாடும்

கட்டடக்கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கோயிலையும் கோட்டையையும் நோக்குவரேயன்றிக் குடிமக்கள் வாழ்ந்த வீட்டை நோக்குவதில்லை. நடுமுற்றத்தைச் சூழ நாற்புறமும் தாழ்வாரம் அமைந்த யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைப் பற்றிப் பேசுவோரும் அதன் அழகையும் காற்றோட்டத்தையும் போற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர். அவ்வீட்டின் கல்லும் மரமும் எங்கிருந்து வந்தன, வீடு பழுதுற்றபோது அவை எங்குச் சென்றன என்னும் வினா எழுவது அரிது. அவ்வினாவுக்கு விடை தேடின் ஓர் உண்மை புலனாகும். பழைய யாழ்ப்பாண வீடு, கட்டப்பட்டபோதே பிரித்தெடுக்கத் தக்கதாகக் கட்டப்பட்ட வீடாகும்.

குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கற் பாறையாலானது. தோட்டம் திருத்தும்போதும் கிணறு தோண்டும்போதும் வெளிப்பட்ட கல்லே சுவருக்கு உதவிற்று. கரையோரத்திலும் தீவுகளிலும் முருகைக்கல் பயன்பட்டது. நெடுந்தீவில் சாந்தே இன்றி முருகைக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகளை இன்றும் காணலாம். ஏனைய இடங்களில் கல்லைப் பிணைத்தது சூளையிற் சுட்டு நீற்றிய சுண்ணாம்புச் சாந்தாகும். இச்சாந்து கல்லினும் மென்மையானது. சுவரை இடிக்க நேரின் சாந்து உதிரும். கல் முழுதாகக் கையில் வரும். சாந்தின் மென்மையைக் குறையெனக் கருதுவோர் உளர். வீட்டின் நீண்ட வாழ்வை நோக்குவோர்க்கு அது குணமேயாகும்.

கூரைக்குப் பனை. பனையின் வைரம் மரத்தின் புறத்தே அமைவது. நடுவிலுள்ளது வெறுஞ் சோறு. தொல்காப்பிய மரபியல் புறக்காழ் உடையவற்றையும் அகக்காழ் உடையவற்றையும் வேறுபடுத்தி, முன்னவற்றைப் புல் என வகுத்தமையை ஈண்டு நினைவுகூரலாம். முதிர்ந்த பனையைப் பிளந்து, சோற்றை நீக்கி, கைமரமாகவும் சிலாகையாகவும் செதுக்கினர். ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பனைமரம் ஓர் ஏற்றுமதிப் பண்டமாகவும் விளங்கிற்று. நன்கு முதிர்ந்த கைமரம், நனையாது காக்கப்படின், பல தலைமுறை கடந்தும் கெடுவதில்லை. ஆகவே ஒரு வீடு அழிந்தாலும் அதன் கூரைமரம் இன்னொரு வீட்டைக் காணக் காத்திருந்தது.

இவ்வழக்கிற்குச் சொத்துரிமை முறையும் துணை நின்றது. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் சீதனம் முதன்மையான இடம் பெறுகின்றது. மகளுக்கு வீடு கொடுப்பது பெற்றோரின் கடமையாகக் கருதப்பட்டமையால், பெண்மக்கள் பலர் பிறந்த குடும்பத்தில் ஒருத்திக்குப் பழைய வீடும் ஏனையோர்க்கு அதே வளவிலோ அயலிலோ புதிய வீடுகளும் தேவைப்பட்டன. புதிய வீட்டிற்குப் பழைய வீட்டின் கதவுநிலையும் தீராந்தியும் சென்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலாக மலாயாவில் உத்தியோகம் பார்த்தோர் அனுப்பிய பணத்தால் வீடுகள் பெருத்தபோதும் இவ்வழக்கு அற்றுப்போகவில்லை.

பழங்கல்லை மீளப் பயன்படுத்திய வரலாறு யாவும் இத்தகைய இணக்கமான வரலாறு அன்று. 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் கோயில்களை இடித்து, அக்கற்களைத் தம் கட்டடங்களுக்குக் கொண்டு சென்றனர். வீட்டுக்காரர் தாமே பிரித்தெடுத்த கல்லையும் கொள்ளையிடப்பட்ட கல்லையும் ஒன்றாக எண்ணலாகாது.

வீட்டு மரபின் முதல் மாற்றம் ஓட்டினால் நேர்ந்தது. 1865இல் பாசல் மிசனரிமார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையின் தட்டையோடும் அதனைப் பின்பற்றிய ஓடுகளும் கிடுகையும் பனையோலையையும் படிப்படியாக அகற்றின. எனினும் ஓட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் வேயலாம், மரபு முறியவில்லை. அதனை முறித்தது சீமெந்தே எனலாம். 1950இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியபின், முன்னர் சூளைக்குச் சென்ற அதே சுண்ணாம்புக்கல் சீமெந்தாகி வீடுகளுக்குத் திரும்பிற்று. சீமெந்துச் சாந்து கல்லினும் கடினமானது. அதனாற் கட்டிய சுவரை உடைக்கும்போது சாந்து உதிராது கல்லே உடைகின்றது. பழைய சுவருக்குச் சீமெந்து பூசுவதால் விளையும் தீங்கோ வேறு வகையானது. நிலத்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும் இயல்புடைய சுவரின் வாய் அடைக்கப்படுகின்றது. ஈரமும் உப்பும் உள்ளே தங்கிப் பூச்சைக் கழற்றுகின்றன. கழன்ற இடத்தில் மேலும் சீமெந்தைப் பூசுவதே பொதுவழக்காயிற்று.

போர் எஞ்சியதை அழித்தது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்களும் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதிலுமிருந்த மக்களும் இடம்பெயர்ந்தனர். பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகள் தறிக்கப்பட்டன. ஆளற்ற வீடுகளின் ஓடும் கதவும் கைமரமும் கழற்றப்பட்டன. பிரித்தெடுக்கத் தக்கதாகக் கட்டிய வீட்டின் இயல்பே இங்கு அதற்குப் பகையாயிற்று. 2009இன் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பியோர் பலர் கண்டவை கூரையற்ற சுவர்கள். சிலர் அவற்றையும் காணவில்லை. இந்திய வீடமைப்புத் திட்டம் வீடொன்றுக்கு 550,000 ரூபா வழங்கிற்று. அது வீடற்றோர்க்குக் கூரை தந்தது. நாற்சார் வீட்டைத் திருத்துவதற்கு அமைந்த திட்டம் அன்று அது.

ஆயினும் தம் பெற்றோரின் வீட்டைத் திருத்த முனைவோர் இன்றும் உளர். அவர்கள் எதிர்நோக்கும் தட்டுப்பாடு பணத்தைப் பற்றியது மட்டுமன்று. கடலோரத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. பனை தறிக்க அனுமதி வேண்டும். வைரம் ஏறிய பனை உருவாகப் பல பத்தாண்டுகள் செல்லும். இவையாவும் முறையான கட்டுப்பாடுகளே. எனவே பழைய வீட்டிற்கு ஒத்த பொருள் இன்னொரு பழைய வீட்டின் இடிபாட்டிலேயே கிடைக்கும். போரிற் சிதைந்த யாழ்ப்பாணக் கோட்டையை நெதர்லாந்தின் உதவியுடன் தொல்லியல் திணைக்களம் மீளமைத்தபோது, விழுந்து கிடந்த முருகைக்கற்களே மீண்டும் மதிலில் ஏறின.

வீட்டுத் திருத்தத்திலும் அனுபவமிக்க தச்சர் முதலிற் செய்வது பழைய மரத்தைத் தட்டிப் பார்ப்பதாகும். கைமரம் பெரும்பாலும் சுவரிற் பதிந்த முனையிலேயே உக்குகின்றது. அம்முனையை அறுத்து நீக்கின் எஞ்சியது அகலம் குறைந்த விறாந்தைக்குக் கைமரமாகும். அதற்கும் நீளம் போதாதாயின் பிளந்து சிலாகையாக்குவர். அதன்பின் எஞ்சும் துண்டே அடுப்புக்குச் செல்லும்.