சத்து மாத்திரைக்குப் பின்னால் பம்பாய் மில் பெண்கள்

1920களின் பம்பாயில் பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் பலர் கர்ப்பத்தின் பிற்பகுதியில் முகம் வெளுத்துச் சோர்ந்து போனார்கள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பிரசவத்தை ஒட்டிச் சிலர் இறந்தும் போனார்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்திருந்தன. ஆனால் இருந்தவை வழக்கத்தைவிடப் பெருத்திருந்தன. இரும்புச் சத்துக் குறைந்தால் அணுக்கள் சிறுக்கும். அப்படியானால் இது வேறு வகை ரத்தசோகை.

இதன் காரணத்தைக் கண்டுபிடிக்க 1928இல் லண்டனிலிருந்து வந்தவர் லூசி வில்ஸ். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு மருத்துவரானவர். தாய்மார் இறப்பை ஆராயும் பணிக்கு அவரை அழைத்தவர், இந்தியாவில் நீண்ட காலம் பணியாற்றிய டாக்டர் மார்கரெட் பால்ஃபர். செலவை ஏற்ற இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம்தான் பின்னாளில் ஐ.சி.எம்.ஆர். ஆனது. வேலை நடந்தது பரேலில் இருக்கும் ஹாஃப்கின் நிறுவனத்தில்.

கிருமியைத் தேடுவதுதான் அந்தக் காலத்து மருத்துவ ஆய்வின் முதல் வழக்கம். வில்ஸ் அதோடு நிற்கவில்லை. இந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். யாருக்கு நோய் வருகிறது, யாருக்கு வருவதில்லை என்று சமூகம் வாரியாகவும் வசதி வாரியாகவும் ஒப்பிட்டார். ஏழை முஸ்லிம் பெண்களிடம் நோய் மிக அதிகம். அவர்கள் உணவும் மிக மோசம். காய், கீரை, பழம், பால் எதுவும் போதுமான அளவு தட்டுக்கு வரவில்லை. இந்த ஆய்வின் மிகப் பெரிய திருப்பம், உணவைப் பற்றிய இந்தக் கேள்விதான். அதற்குப் பிறகு வந்த சோதனைக்கூட வேலையெல்லாம் இதிலிருந்து கிளைத்தது.

1929இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் சில மாதங்கள் வேலை செய்தார். அங்கே உணவுச் சத்து ஆராய்ச்சியை நடத்திவந்தவர் ராபர்ட் மெக்காரிசன். எலிகளுக்குப் பம்பாய்ப் பெண்களின் உணவையே கொடுத்துப் பார்த்தார் வில்ஸ். எலிகளுக்குச் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தால் வரவில்லை. ஆனால் பேன் மூலம் பரவிய ஒரு தொற்றும் அந்த எலிகளின் ரத்தத்தைக் கெடுத்திருந்தது பின்னால்தான் தெரிந்தது. பிறகு ரீசஸ் குரங்குகளை வைத்து ஆராய்ந்தார்.

1931இன் தொடக்கத்தில் அவர் சென்னையில் இருந்தார், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்று பெயர். 1885இல் மருத்துவர் மேரி ஷார்லீப் தொடங்கிய இடம். அந்தக் காலத்தில் ஏழைக்கு எட்டக்கூடிய மருந்து வேண்டும் என்பதால் வில்ஸ் கையில் எடுத்தது மார்மைட். பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டைச் சாறாக்கிச் செய்யும், கருத்த, உப்புக் கரிக்கும் பசை அது. இலங்கையில் இன்றும் ரொட்டியில் தடவித் தின்கிறார்கள். நோயாளிகளுக்கு மூன்றாம் நான்காம் நாளிலேயே பசி திரும்பியது. ரத்தத்தில் புதிய சிவப்பணுக்கள் பெருகின. அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவருடைய கட்டுரை வந்தது.

ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. 'வில்ஸ் காரணி' என்று மட்டும் சொன்னார்கள். பத்து ஆண்டு கழித்து, 1941இல், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள்; வில்ஸ் காரணி அதுதான். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம் அதைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டியது. அந்த ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்துக்காரர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர். கதர் அணிந்ததற்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். குடலை அரிக்கும் ஸ்ப்ரூ நோய்க்கு அவர் சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் பலியானார்கள். அந்த நோயால் வரும் சோகைக்கும் ஃபோலிக் அமிலமே மருந்தானது. இந்த மருந்தின் கதை திருவல்லிக்கேணியை இரண்டு முறை தொட்டுப் போயிருக்கிறது என்பது நம்மூரில் பலருக்கும் தெரியாத செய்தி.

1970இல் இந்திய அரசு கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை இலவசமாக வழங்கத் தொடங்கியது. இன்று ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள் சாப்பிடச் சொல்கிறார்கள். வாங்கிப் போகிறவர்கள் எல்லாரும் விழுங்குவதில்லை. குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொல்கிறார், இப்படிப் பல காரணங்கள். மலம் கறுப்பதற்குக் காரணம் உடலில் சேராத இரும்பு, பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை. டீயோடு சேர்த்து விழுங்கினால்தான் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாது. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஃபோலிக் சத்தும் அதோடு போய்விடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் நாட்டுக் கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருந்தது.

ஃபோலிக் அமிலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு என்பது உறுதியாகத் தெரியவந்தது 1991இல். பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஏழு நாடுகளில், 33 மையங்களில் நடத்திய ஆய்வு அது. முந்தைய கர்ப்பத்தில் மூளை, தண்டுவடக் குறைபாட்டோடு குழந்தை உருவான பெண்களுக்குக் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தார்கள். அதே குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. கருவில் தண்டுவடத்துக்கான குழாய் மூடிக்கொள்வது முதல் 28 நாளுக்குள். நாள் தள்ளிப்போனதைப் பெண் கவனிக்கும்போதே அந்தக் கெடுவில் பாதியாவது கழிந்திருக்கும். இங்கோ பெரும்பாலான பெண்களின் கைக்கு ஃபோலிக் அமில மாத்திரை வருவது செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிந்து, பிக்மி எனும் பதிவு எண் வாங்கிய பிறகுதான். கல்யாணமான பெண்ணிடம் "விசேஷம் உண்டா?" என்று மாதாமாதம் கேட்கிற வீடுகள், கேட்கத் தொடங்கும் முன்பே அவளுக்கு இந்த மாத்திரையை வாங்கித் தந்திருக்க வேண்டும்.