'சோப்', 'கியாசு', 'மாமா கடை': நாம் தினமும் பேசும் சொற்களின் கதை தெரியுமா?

மதிய உணவு நேரம். தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரே கூட்டம். ஒரு மேசை மட்டும் காலியாக இருக்கிறது. ஆனால் அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட்.

அங்கே உட்காருவீர்களா?

மாட்டீர்கள். "வேணாம்பா, யாரோ சோப் பண்ணிட்டாங்க" என்று சொல்லி நகர்ந்துவிடுவீர்கள்.

பள்ளியில் யாரும் கற்றுத்தராத சொல் அது. ஆனால் இங்கே வளர்ந்த எல்லாருக்கும் புரியும். அப்படிச் சில சொற்கள் எங்கிருந்து வந்தன?

சோப்

குளிக்கும் சோப்பு அல்ல! இடம் பிடித்து வைப்பதுதான் 'சோப்'. முத்திரையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லில் இருந்து இது வந்தது என்பது பரவலான விளக்கம். அந்த மலாய்ச் சொல்லின் வேரோ இந்தியில் இருக்கிறது. ஆக, அந்த டிஷ்யூ பாக்கெட்தான் மேசையில் நீங்கள் குத்தும் முத்திரை.

'தேக்கா' என்ற பெயரையும் கவனியுங்கள். 'மூங்கில் அடிவாரம்' என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லில் இருந்து வந்தது அது. லிட்டில் இந்தியாவின் சந்தைக்குச் சீனப் பெயர். இங்கே பல ஆண்டுகளாகச் சொற்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கின்றன.

கியாசு

ஹொக்கியனில் 'தோற்றுவிடுவோமோ என்ற பயம்'. இலவசமாகக் கிடைக்கிறது என்றால் எதற்கு என்று தெரியாமலேயே வரிசையில் நிற்பது, பஃபேயில் தட்டு நிறைய இறால் அள்ளுவது எல்லாம் 'கியாசு'தான்.

1990இல் 'மிஸ்டர் கியாசு' என்ற சித்திரக்கதை வந்து சக்கைபோடு போட்டது. 2007இல் ஆக்ஸ்ஃபர்ட் ஆங்கில அகராதி இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. 2015 பிப்ரவரி 11ஆம் தேதி அந்த அகராதியின் 'இன்றைய சொல்'லாகவும் அது இடம்பெற்றது.

இவ்வளவு பிரபலமாகியும் யாருக்கும் கோபம் வரவில்லை. ஏன்? நம்மைப் பார்த்து நாமே சிரிக்கும் சொல் அது.

நம் பங்கு

தமிழும் சும்மா இருக்கவில்லை. மலாயில் கடை 'கெடாய்', கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்' ஆனது பழைய கதை. சிங்லிஷில் முட்டாளைக் குறிக்கும் 'குண்டு' நம் குண்டிலிருந்து போனது என்பார்கள். போகும் வழியில் பொருள் மாறிவிட்டது. 'ஐயோ'வும் 2016இல் ஆக்ஸ்ஃபர்ட் அகராதிக்குள் நுழைந்துவிட்டது.

வீவக புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்னக் கடை 'மாமா கடை'. முன்பு பெரும்பாலும் இந்தியர்கள் நடத்திய கடை என்பதால் உறவுப் பெயரே கடைக்குப் பெயரானது. இன்று எல்லா இனத்தவரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆனால், கடைக்காரரை வாஞ்சையுடன் "மாமா" என்று கூப்பிடுவது வேறு. முன்பின் தெரியாத இந்தியர் ஒருவரைப் பார்த்து, தோற்றத்தை வைத்துக் கிண்டலாக "மாமா" என்பது வேறு. சொல் ஒன்றுதான், ஒன்று உறவு, மற்றொன்று முத்திரை.

பெயரே மாறிய தெரு

முத்திரை வலிக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் உள்ள சூலியா ஸ்திரீட்டுக்கு முன்பு 'கிளிங் ஸ்திரீட்' என்று பெயர். 'கிளிங்' என்பது பழைய கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பதே பரவலான கருத்து. தொடக்கத்தில் தென்னிந்தியர்களைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகத்தான் அது இருந்தது. நாளடைவில் இழிவாகப் புழங்கியதால் இந்தியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். 1920களின் தொடக்கத்தில் தெருவின் பெயர் மாற்றப்பட்டது.

அகராதியில் ஒரு சொல்லின் பொருள் என்ன என்பதைவிட, யார் யாரை எந்தத் தொனியில் அழைக்கிறார்கள் என்பதுதான் அங்கே முக்கியமானது.

நாமும் செய்கிறோமா?

மற்றவர்கள் நமக்கு வைத்த பெயரைப் பற்றிப் பேசுவது எளிது. அண்மையில் இந்தியாவிலிருந்து வந்தவர்களைப் பற்றி நம்மில் சிலர் "அவங்க ஊர்க்காரங்கப்பா" என்கிறோம், இல்லையா? 'ஊர்' நல்ல சொல். நம் தாத்தா பாட்டியில் பலருக்கும் ஒரு 'ஊர்' இருந்தது. ஆனால் அதைச் சொல்லும்போது உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தால், அந்த நல்ல சொல்லும் 'கிளிங்' போன வழியில்தான் போகும்.

புதுச் சொல் உருவாக்குவதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். அடுத்த முறை ஒருவருக்குப் பெயர் வைக்கும்போது ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள்: அவர் முகத்துக்கு நேரே அதைச் சொல்வீர்களா? சொன்னால் அவரும் சேர்ந்து சிரிப்பாரா?

சிரிப்பார் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள்.