சுவாமியார் நம் பக்கம் திரும்பிய வருடம்

போன மாதம் ஊருக்குப் போனபோது கோவிலுக்குள் சற்று நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். பகல் பதினொரு மணி. தரை முழுவதும் பளபளக்கும் கிரானைட். பீடத்துக்குப் பின்னால் தங்க நிறம் பூசிய புது வேலைப்பாடு, சுரூபங்களைச் சுற்றிச் சின்ன விளக்குகள், இரண்டு பக்கமும் பெரிய டிவி. நான் தேடியது பழைய கிராதி இருந்த இடத்தை. அதன் மரக்கால்களை ஊன்றியிருந்த குழிகள் வெகுகாலம் சிமெண்டுத் தரையில் தெரிந்துகொண்டிருந்தன. இப்போது கிரானைட் அவற்றை மூடிவிட்டது.

என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பீடம் இருக்கும் பகுதிக்கும் சனங்கள் இருக்கும் பகுதிக்கும் நடுவே இடுப்புக்குக் கீழான உயரத்தில் ஒரு தடுப்பு இருக்கும். அதுதான் கிராதி. எங்கள் ஊரில் அது கடைசல் வேலை செய்த தேக்கு. நன்மை வாங்குகிற நேரத்தில் அதன்மேல் நீளமான வெள்ளைத் துணியை விரிப்பார் கோவில்பிள்ளை. முழந்தாளிட்டு, துணிக்கு அடியில் கைகளை வைத்து, கண்ணை மூடி நாக்கை நீட்ட வேண்டும். பூசைக்கு உதவி செய்த பையனாக, ஒவ்வொருவர் தாடைக்குக் கீழும் தட்டைப் பிடித்துக்கொண்டு நான் சுவாமியாரோடு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்திருக்கிறேன். இலத்தீன் பதில்கள் எல்லாம் அர்த்தம் தெரியாமலே மனப்பாடம். கனமான பூசைப் புத்தகத்தைப் பீடத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்குத் தூக்கிப் போவதற்குள் மூச்சு வாங்கும்.

1965இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய பீடத்துக்கு முன்னால் ஒரு சாதாரண மர மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. சுவாமியார் அதற்குப் பின்னால் போய் நின்று எங்களைப் பார்த்தார். அதுவரை பூசையில் நாங்கள் அதிகம் பார்த்தது அவருடைய முதுகையும் அங்கியில் தைத்திருந்த சிலுவையையும்தான். பூசை முடிந்து வெளியே வந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "சாமி ஓஸ்தியை மெல்லுறதை எல்லாம் நாம பாக்கணுமா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கோவிலின் உள்ளமைப்பு அப்போஸ்தலர் காலத்திலிருந்து அப்படியே வந்தது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஓய்வுபெற்ற பிறகு படித்தபோதுதான் அதில் பெரும்பகுதிக்கு வயது நானூறு வருடம் என்று தெரிந்தது. திரிதெந்து பொதுச்சங்கம் 1545 முதல் 1563 வரை நடந்தது. அதன்பின் மிலான் நகர அதிமேற்றிராணியார் சார்லஸ் பொரோமியோ 1577இல் கோவில் கட்டுவதற்கென்றே ஒரு கையேடு எழுதினார். நற்கருணைப் பேழை தலைமைப் பீடத்தின் மேல் இருக்க வேண்டும், பாவசங்கீர்த்தனம் கேட்பதற்கு நடுவில் தட்டி வைத்த தனி இருக்கை வேண்டும் என்பதையெல்லாம் விவரமாகச் சொன்னவர் அவர். கிராதி பரவலாக வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். ரோமாபுரியின் அர்ச். இராயப்பர் பேராலயத்திலோ விஷயம் தலைகீழ். அங்கே தலைவாசல் கிழக்கில் இருக்கிறது. அதனால் பாப்பரசர் கிழக்கு நோக்கிப் பூசை செய்தால், வழிவழியாகவே சனங்கள் இருக்கும் பக்கம் பார்த்துத்தான் நிற்பார். எங்கள் பாட்டிக்கு அதைச் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

மாற்றம் சங்கத்தோடு திடீரென்று முளைத்ததும் இல்லை. 1928இலேயே ஜெர்மனியில் ரோத்தன்ஃபெல்ஸ் என்ற பழைய கோட்டையில், ரொமானோ குவார்தினி என்ற குருவானவரும் ருடால்ஃப் ஷ்வார்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் ஒரு கூடத்துக்கு வெள்ளையடித்து, சித்திரம் சுரூபம் எதுவும் இல்லாமல், பீடத்தின் மூன்று பக்கமும் இளைஞர்களை உட்காரவைத்துப் பூசை நடத்திப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வருடம் கழித்து, 1963 டிசம்பர் 4ஆம் தேதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டை நிறைவேற்றியது. ஆதரவு 2147 வாக்கு, எதிர்ப்பு நாலே நாலு.

நான் வியந்தது இதில்தான்: அந்த ஏட்டில் குருவானவர் சனங்களைப் பார்த்து நிற்க வேண்டும் என்று எங்குமே இல்லை. 1964 செப்டம்பரில் ரோமாபுரியிலிருந்து வந்த ஓர் அறிவுரைதான், தலைமைப் பீடம் சுவரோடு ஒட்டாமல், சுற்றி வரவும் சனங்களைப் பார்த்துப் பூசை செய்யவும் வசதியாக இருந்தால் நல்லது என்றது. அது நடைமுறைக்கு வந்த 1965 மார்ச் 7ஆம் தேதி ஆறாம் பவுல் பாப்பரசர் ரோமாபுரியில் ஒரு பங்குக் கோவிலுக்குப் போய் இத்தாலிய மொழியில் பூசை செய்தார். கிராதியை உடையுங்கள் என்று சங்கமும் சொல்லவில்லை, பாப்பரசரும் சொல்லவில்லை. 'நல்லது' என்றதை உலகம் முழுவதும் 'கட்டாயம்' என்று படித்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் 1967இல் அபிஷேகம் செய்த பேராலயம் முழு வட்டம்; பீடம் நட்ட நடுவில். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு அது எளிது. பழைய கோவில் வைத்திருந்தவர்கள் கோடரியை எடுத்தார்கள்.

பிரசங்க மேடையை மட்டும் சங்கத்தின் தலையில் போடக் கூடாது. தூணோடு ஒட்டி, படியேறிப் போகிற அந்த மேடையும் அதன் தலைக்கு மேலே இருந்த மரக் கூரையும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. குரலைக் கடைசி ஆள்வரை கொண்டுபோக வைத்தவை. கரண்ட் வந்து மைக் வந்ததும் அதற்கு வேலை போய்விட்டது. எங்கள் கோவிலில் அது கொஞ்ச காலம் கிறிஸ்துமஸ் தோரணங்களைப் போட்டுவைக்கும் இடமாக இருந்தது.

இந்தியாவுக்கு என்று தனியாக ஒரு கதை உண்டு. 1969 ஏப்ரலில் ரோமாபுரி பன்னிரண்டு மாற்றங்களுக்கு அனுமதி கொடுத்தது. மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு, முழந்தாளிடுவதற்குப் பதில் கைகூப்பிக் குனிதல், ஆரத்தி, செருப்பைக் கழற்றுதல், தரையில் உட்கார்தல். இதற்காக உழைத்தவர்களில் முக்கியமானவர் பெங்களூரில் 1967இல் தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தைத் தொடங்கிய அமலோற்பவதாஸ் சுவாமி. நம் தென்னார்க்காட்டுக்காரர். பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தரையில் உட்கார அனுமதி வந்த செய்தியைக் கேட்டு எங்கள் ஊரில் சிரித்தார்கள். நாங்கள் பெஞ்சைக் கண்டது எப்போது? ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லோரும் தரைதான். பெஞ்சு வந்ததே அதற்குப் பிறகு. குத்துவிளக்கு மட்டும் நிலைத்துவிட்டது.

இப்போது கிராதிக்கு வருகிறேன். எங்கள் கோவிலில் அதை எடுத்தது 1972இல். கூடவே பழைய மரப் பீடத்தையும் எடுத்தார்கள். திராட்சைக் கொடியும் சம்மனசுகளும் செதுக்கிய அந்தப் பீடம் போனதற்கு நான் இன்றைக்கும் வருந்துகிறேன். அதன் துண்டுகள் பள்ளிக்கூடப் பெஞ்சுக்குக் கால்களாயின. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் இன்னும் சில பெரியவர்களும் மேற்றிராணியாருக்கு மனு எழுத முடிவு செய்தார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னை எழுதச் சொன்னார்கள். 'முன்னோர் தந்த கலைச்செல்வம்', 'பக்திக்குக் குந்தகம்' என்றெல்லாம் அழகாக எழுதிக்கொடுத்தேன்.

நான் அதில் எழுதாத ஒன்று இருந்தது. கிராதியில் யார் முதலில் முழந்தாளிடுவது என்பதற்கு எங்கள் ஊரில் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் வரிசையில் எங்களைப் போன்ற சில குடும்பங்கள். அவர்கள் எழுந்த பிறகு அடுத்தவர்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் எப்போதும் கடைசி. யாரும் சட்டம் போடவில்லை, யாரும் வாய்விட்டுச் சொன்னதும் இல்லை. தட்டுப் பிடித்த எனக்கு அந்த வரிசை இலத்தீனைவிட நன்றாக மனப்பாடம். கிராதி போனதும் சுவாமியார் நடுவில் நின்றார். சனங்கள் ஒரே வரிசையாக, எழுந்தவர் எழுந்தபடி வர வேண்டியதாயிற்று. மனுவின் உண்மையான காரணம் தேக்குமரம் அல்ல. எழுதும்போதே எனக்கு அது தெரியும்.

நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தின் கதையைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1872இல் கட்டி முடித்த கோவில் அது. ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு தனித்தனிக் கூடங்கள், சாதிக்கு ஒன்றாக, நடுவில் சுவர். கோவிலையே கால்சட்டை போலப் பிளந்து கட்டினார்கள். 1910இல் கௌசானல் சுவாமியார் அந்தச் சுவரை இடித்தார். வழக்கு கோர்ட்டுவரை போனது. இது வத்திக்கான் சங்கத்துக்கு அரை நூற்றாண்டு முன்னால் நடந்தது. எங்கள் ஊரில் சுவர் இல்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். எங்களுக்கு அந்தத் தேக்குக் கிராதியே போதுமானதாக இருந்தது.

மனுவுக்குப் பதில் வந்ததாக நினைவில்லை. அம்மா முதல் ஞாயிறே வரிசையில் போய் நின்று நன்மை வாங்கிவிட்டு வந்தார். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அப்பா மட்டும் ஞாயிறுதோறும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கிராதி இன்னும் இருந்த டவுன் கோவிலுக்கு ஆறு மைல் போய் வந்தார். நாலு வருடம் அப்படிப் போனார். கேட்டால், அங்கே பாட்டு நன்றாக இருக்கிறது என்பார்.

1976இல் அம்மா இறந்தார். அடக்கப் பூசை எங்கள் ஊர்க் கோவிலில்தான் நடந்தது. நன்மை நேரம் வந்ததும் அப்பா எழுவாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் தாமதித்துத்தான் எழுந்தார். அதற்குள் வரிசை வாசல்வரை நீண்டுவிட்டது. அவருக்கு முன்னால் நின்றவன் எங்கள் வயலில் நாற்று சுமந்தவரின் மகன், எட்டாம் வகுப்புவரை என்னோடு படித்தவன். அவன் திரும்பிப் பார்த்து, ஒதுங்கி வழிவிடப் போனான். அப்பா வேண்டாம் என்று கையைக் காட்டினார். பிறகு துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே ஒவ்வோர் அடியாக நகர்ந்து போனார்.