கத்துக்குட்டிக்கு யார் கைகொடுத்தாங்க? ஆன்லைன் உலகங்களில் முதல் ஒரு மணி நேரம்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

ஒரு ஆன்லைன் ரோல் பிளேயிங் கேமுக்குள்ள முதல் தடவையா போறீங்கன்னு வைங்க. பேர் வெச்சாச்சு. முடி, மூக்கு எல்லாம் அரை மணி நேரம் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தாச்சு. கையில ஒரு மொக்கைக் கத்தி, எதிர்ல ஒரு காடு. அடுத்து என்ன பண்ணணும்?

இன்னைக்கு இந்தக் கேள்வியே எழாது. யாரோ ஒருத்தர் தலைக்கு மேல மஞ்சள் கலர்ல ஆச்சரியக்குறி மின்னும். அவரைக் கிளிக் பண்ணா, 'பத்து ஓநாயைக் கொன்னுட்டு வா'ம்பார். ஓநாய் எங்க இருக்குன்னு மேப்பே காட்டிடும். ஆனா இந்த ஆச்சரியக்குறி வர்றதுக்கு முன்னாடி இருபது வருஷத்துக்கு மேல புதுசா வந்தவங்களுக்கு வழி காட்டினது மனுஷங்கதான். சில பேர் காட்டினாங்க, சில பேர் வெட்டினாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

1978. இங்கிலாந்தில் கோல்செஸ்டர் ஊரில் இருக்கும் எசெக்ஸ் பல்கலைக்கழகம். ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் அங்கிருந்த டெக் நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டரில் ஒரு கேம் எழுதத் தொடங்கினார். பெயர் 'மட்'. மல்டி யூசர் டஞ்சன் என்பதன் சுருக்கம். 1980-ல் ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இன்னொரு மாணவர் அதை ஏற்று வளர்த்தார். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாமே எழுத்து. நீங்க எங்கே நிற்கிறீர்கள் என்று திரையில் ஒரு பத்தி வரும். வடக்கே போக வேண்டுமென்றால் 'வடக்கு' என்று டைப் செய்ய வேண்டும். புதையலைத் தேடி எடுத்து, அதைக் கொண்டுபோய்ச் சதுப்பு நிலத்தில் போட்டால் புள்ளிகள். ஆமா, சேர்த்து வைக்கிறதுக்கு இல்ல, சேத்துல போடுறதுக்கு. புதுசா வந்தவன் இதைத் தானா எப்படிக் கண்டுபிடிப்பான்?

கண்டுபிடிக்க மாட்டான். யாராவது சொல்லணும். அடிமட்டத்தில் தொடங்கி, புள்ளி சேர்த்து மேலே போனால் கடைசியில் 'விசார்ட்', அதாவது மந்திரவாதி ஆகலாம். கேமையே ஆட்டிப் படைக்கும் சக்தி கிடைக்கும். அதுவரைக்கும் சண்டையில் செத்தால் கேரக்டர் அதோடு அழிந்தது. மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். வெளியாட்கள் மோடம் மூலமாக, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நடுராத்திரியில்தான் உள்ளே வர முடியும். போன் பில் அவங்க தலையில. தூக்கத்தையும் காசையும் கொடுத்து உள்ளே வந்தவன், பழைய ஆள் ஒருத்தரின் மூடை நம்பி நிற்க வேண்டிய நிலை.

இதே பார்ட்டில் 1996-ல் ஒரு கட்டுரை எழுதினார். இப்படிப்பட்ட உலகங்களுக்குள் வருகிறவர்களை நாலு வகையாகப் பிரித்தார்: சாதிக்க வருபவர், சுற்றிப் பார்க்க வருபவர், பேசிப் பழக வருபவர், மற்றவர்களை அடிக்க வருபவர். கேம் டிசைன் படிக்கிறவங்க இன்னைக்கும் இதைப் படிக்கிறாங்க. கத்துக்குட்டியோட பார்வையில அது ரொம்ப சிம்பிள்: முதல்ல நீ யார் கண்ல பட்டியோ, அதுதான் உன் விதி.

அடுத்த வருடமே இது பெரிய அளவில் நிரூபணமானது. 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தில் இருந்த ஆரிஜின் நிறுவனம் அல்டிமா ஆன்லைனை வெளியிட்டது. படத்தோடு கூடிய பெரிய உலகம். மாதச் சந்தா 9.95 டாலர். ரொட்டி சுடலாம், மீன் பிடிக்கலாம், வீடு கட்டலாம். ஊருக்குள் யாராவது உங்களைத் தாக்கினால் 'கார்ட்ஸ்' என்று கத்தினால் போதும், காவலர்கள் வந்து அவனைத் தீர்த்துவிடுவார்கள். பிரச்சினை ஊர் எல்லையில் தொடங்கியது. எல்லையைத் தாண்டிய கத்துக்குட்டிக்காக ஒரு கூட்டம் காத்திருந்தது. இவனைக் கொன்று, சுமந்து வந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போவார்கள். செத்தவன் ஆவியாக அலைவான். அவன் என்ன டைப் செய்தாலும் மற்றவர்களுக்கு 'ஊஊஊ' என்றுதான் தெரியும். காப்பாத்துங்கன்னு கூட சொல்ல முடியாது! எனக்கு இது சிரிப்பாவும் இருக்கு, கொஞ்சம் கொடூரமாவும் இருக்கு.

உருவாக்கியவர்கள் இதைத் தெரியாமல் செய்யவில்லை. தலைமை வடிவமைப்பாளர் ராஃப் காஸ்டர், கெட்டவர்களும் இருந்தால்தான் உலகம் உலகமாக இருக்கும் என்று நம்பியவர். நல்ல ஜனங்கள் சேர்ந்து தங்களைத் தாங்களே காத்துக்கொள்வார்கள் என்பது எதிர்பார்ப்பு. கொலைகாரர்களின் பெயரைச் சிவப்பில் காட்டிப் பார்த்தார்கள், தண்டனைகளை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வேட்டை நிற்கவில்லை. முதல் வாரத்தில் நாலு தடவை செத்தவன் அடுத்த மாதம் ஏன் சந்தா கட்டப் போகிறான்?

கடைசியில் 2000-ல் உலகத்தையே இரண்டாக்கினார்கள். ஃபெலூக்கா, ட்ராமெல் என்று இரண்டு. அந்த உலகத்து இரண்டு நிலாக்களின் பெயர்கள் இவை. நிலப்பரப்பு ஒன்றுதான். ஃபெலூக்காவில் பழைய சட்டம், மரங்கள் கூடக் காய்ந்து போயிருக்கும். ட்ராமெலில் உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் உங்களை அடிக்க முடியாது. பெரும்பாலானவர்கள் ட்ராமெல் பக்கம் போய்விட்டார்கள். ஃபெலூக்காவில் மிஞ்சியது ஆடே இல்லாத ஓநாய்க் கூட்டம். இது சரியா தப்பான்னு அந்தக் காலத்து ஆட்கள் இன்னமும் சண்டை போடுறாங்க. நான் ட்ராமெல் கட்சி. வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம் விளையாடுறவனுக்கு வீரப் பாடம் எடுக்கிறது நியாயமே இல்லை.

அதே வருடம் இன்னொரு விஷயமும் வெடித்தது. என்னைப் பொறுத்தவரை இதுதான் கதையின் முக்கியமான இடம். அல்டிமாவில் 'கவுன்சிலர்' என்று நீல அங்கி போட்ட தன்னார்வலர்கள் இருந்தார்கள். கத்துக்குட்டி உதவி கேட்டால் வந்து நிற்பார்கள். எங்கே போவது, எப்படிச் சமைப்பது என்று சொல்லித் தருவார்கள். எல்லாம் சாதாரண விளையாட்டுக்காரர்கள், சம்பளம் கிடையாது. 2000-ல் அவர்களில் சிலர் கொலராடோவில் வழக்குப் போட்டார்கள். மேலிருந்து உத்தரவு வருது, நேரம் ஒதுக்கச் சொல்றீங்க, அப்போ இது வேலைதானே, குறைந்தபட்சக் கூலி எங்கேன்னு கேட்டாங்க. அன்பா செய்த உதவிக்குக் காசு கேட்கலாமான்னு தோணலாம். ஆனா அந்த அன்பை வெச்சு மாசாமாசம் சந்தா வாங்கினது நிறுவனம். வழக்கு கடைசியில் சமரசத்தில் முடிந்தது. கேமில் ஒருத்தருக்கு வழி சொல்வதற்கும் விலை உண்டு என்பது சட்டத்தின் மொழியில் பேசப்பட்டது.

1999 மார்ச்சில் வந்த எவர்குவெஸ்ட் வேறு வழியில் போனது. அங்கே மற்றவர்கள் உங்களைக் கொல்வது அரிது, உலகமே கொன்றுவிடும். மரங்களின் மேல் கட்டிய கெலத்தின் என்ற ஊரில் பிறக்கும் கத்துக்குட்டிகள், கால் தவறிக் கீழே விழுந்தே சாவார்கள். கேமுக்குள்ள மேப் கூட கிடையாது! செத்தால் அனுபவப் புள்ளி குறையும், பொருளெல்லாம் பிணத்தோடு கிடக்கும். வெறும் உடம்போடு ஓடிப்போய் அந்தப் பிணத்தைத் தேட வேண்டும். அதனால் பிணத்தை இழுத்து வரத் தெரிந்த நெக்ரோமான்சரிடம் கெஞ்சுவார்கள், இழந்த புள்ளியை மீட்டுத் தரும் பூசாரியைத் தேடுவார்கள். மிருகங்கள் துரத்த ஓடி வருகிறவன் 'ட்ரெயின்!' என்று கத்தி வழியில் நிற்பவர்களை எச்சரிப்பான். கத்தாமல் ஓடியவன் பெயர் ஊரெல்லாம் நாறும். இவ்வளவு கஷ்டம்தான் அவங்களைப் பேச வெச்சுது.

2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தது, மஞ்சள் ஆச்சரியக்குறியோடு. செத்தால் ஆவியாக ஓடிப்போய் உடம்பில் புகுந்துகொள்ளலாம். ரிப்பேர் செலவைத் தவிரப் பெரிய நஷ்டமில்லை. 2010-ல் சந்தாதாரர்கள் ஒரு கோடியே இருபது லட்சம். அதற்கு முந்தின டிசம்பரில் வந்த ஒரு வசதி, முன்பின் தெரியாத ஐந்து பேரைத் தானே சேர்த்துக் குகைக்குள் இறக்கிவிடும். அரை மணி நேரம் கூடச் சண்டை போட்டு, ஒரு வார்த்தை கூடப் பேசாமல் பிரிந்து போகலாம். கவுன்சிலரும் வேண்டாம், பூசாரியைக் கெஞ்சவும் வேண்டாம்.

2019 ஆகஸ்டில் அதே நிறுவனம் பழைய 2000-களின் வடிவத்தை 'கிளாசிக்' என்று மறுபடி திறந்தது. முதல் நாள் கூட்டமோ கூட்டம். சில பணிகளுக்குக் கொல்ல வேண்டிய எதிரி ஒருத்தன்தான் இருப்பான். செத்தால் திரும்பி வரக் கொஞ்ச நேரமாகும். ஆயிரக்கணக்கான கத்துக்குட்டிகள் அவனுக்காக முட்டி மோதுவார்கள் என்றுதான் எதிர்பார்ப்பு. மாறாக, பல சர்வர்களில் மலைச்சரிவில் வரிசை கட்டி நின்றார்கள், ரேஷன் கடை மாதிரி. கேமில் அப்படி ஒரு விதியே கிடையாது. புதுசா வந்து நேரா முன்னாடி போனவங்ககிட்ட, பின்னாடி போய் நில்லுங்கன்னு யாரோ ஒருத்தர் டைப் பண்ணியிருக்கணும்.